மாப்பிள்ளை காரின் பெட்ரோல் ஹோஸ்

பழைய காருக்கு வேறொரு காரின் இன்ஜினை ஏற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. பொறுமை இருந்தால் போதும். இன்ஜின் வெளியே இருக்கும்போது கைக்கு எட்டாத இடமெல்லாம் எட்டும். தேய்ந்தது, இற்றுப்போனது எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும்.

என் மாப்பிள்ளையின் காருக்கும் அப்படித்தான் செய்தேன். காருக்கும் அவருக்கும் ஒரே வயசு என்று என் மகள் கேலி செய்வாள். கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் எல்லாம் புதுசு. நீங்கள் போலீஸ் அறிக்கையில் 'மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அவள் அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

"நீங்களும் எங்களோட வந்துடுங்க மாமா" என்று கூப்பிடவும் செய்தார். கடையை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

கழற்றிய பழைய சாமான்களை ஒரு தட்டில் வைத்து வண்டிக்காரரிடம் காட்டுவது எங்கள் வழக்கம். மாற்றியது நிஜம் என்று அவர் நம்ப வேண்டுமே. மாப்பிள்ளைக்கும் காட்டினேன். தட்டில் இருந்த பெட்ரோல் ஹோஸ், அந்த ரப்பர் குழாய் மட்டும் வேறொரு காரில் கழற்றியது. அவர் காருடைய ஹோஸ் வளைவில் வெடிப்பு விட்டிருந்தது. அதை நன்றாகத் துடைத்து, புதுசு போலாக்கி, அதே இடத்தில் மாட்டியிருந்தேன். அவர் தட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க கை வச்ச பிறகு நான் எதுக்கு மாமா பாக்கணும்?"

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர், "லேசா பெட்ரோல் வாசனை வருதே" என்றார்.

"இன்ஜின் மாத்தினா ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும் மாப்பிள்ளை" என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

"மொதல்ல அவர் போய் வீட்டை ஒழுங்கு பண்ணட்டும், நீ அடுத்த வாரம் போ" என்று மகளை நிறுத்திவைத்ததும் நான்தான்.

வண்டி வழியில் நின்றுவிடும், அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். உங்களிடம் இப்படிச் சொல்லத்தான் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனால் வண்டி நிற்க வேண்டுமென்றால் ரேடியேட்டர் ஹோஸை மாற்றாமல் விட்டிருப்பேன். தண்ணீர் ஒழுகினால் வண்டி நிற்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் மாட்டினேன். வண்டி எரிந்ததும், அவர் அதற்குள் இருந்ததும் நான் செய்ததுதான்.

என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். மகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் தோளில் சாய்ந்துதான் அழுகிறாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்?