பதினோரு நிமிஷப் பாட்டு

மிசாவோ: உதட்டை அசைக்காமப் பேசு தம்பி. உங்க போலீஸ் ஆளுங்க பார்க்கிறாங்க.

யோனமினே: நகரக்கூடாதுன்னுதான் வழக்கம் அக்கா. பேசக்கூடாதுன்னு இல்ல. நீங்களே வாசிச்சுக்கிட்டேதான் பேசுறீங்க.

மிசாவோ: பாடுறது பின்னாடி உக்காந்திருக்கிற நாப்பது பேரு. எனக்கு இந்த சன்ஷின் தந்தியில விரலை ஓட்டுறது மட்டுந்தான் வேலை.

யோனமினே: அந்த விரலைக் கொஞ்சம் வேகமா ஓட்டுங்க. உங்களையெல்லாம் தூக்கிட்டுத்தான் லாரியை உள்ள விடணும். இருபது லாரி நிக்குது.

மிசாவோ: நிக்கட்டுமே. அந்நியப் பட்டாளத்துக்கு விமானத்தளம் கட்ட எங்க கடலைத் தூர்க்கிற மண்ணுதானே.

யோனமினே: மணி ஒம்போது நாப்பது. பத்துக்கு மேல இந்த ரோட்டுல லாரி ஓடக்கூடாது. பாதி லாரி இன்னைக்கும் திரும்பிப் போகும்.

மிசாவோ: அடடா... எனக்குத் தெரியாதே.

யோனமினே: அஞ்சு மாசமா தினம் இந்தக் கேட்டு முன்னாடி உக்காந்திருக்கீங்க. தெரியாதாம்.

மிசாவோ: அவ்வளவு அவசரம்னா தூக்க வேண்டியதுதானே? ஆளுக்கு நாலு போலீஸ் வச்சிருக்கீங்க.

யோனமினே: இந்தப் பாட்டு ஓடுறப்பவா? எங்கம்மா கேள்விப்பட்டா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க... அக்கா, கமெதா சார் வர்றாரு. ஒசாகாவிலேருந்து போன வாரம்தான் அதிகாரியா வந்தாரு. பார்த்துப் பேசுங்க.

கமெதா: என்னய்யா யோனமினே, நட்டு வச்ச மாதிரி நிக்கிற?

யோனமினே: பாட்டு முடியல சார்.

கமெதா: போராட்டக்காரங்க பாட்டுக்குப் போலீஸ் நிக்கணுமா?

யோனமினே: போராட்டப் பாட்டு இல்ல சார், மங்களப் பாட்டு. கல்யாணமோ கடை திறப்போ, ஓகினாவாவில எதுன்னாலும் முதல்ல இதுதான். முடியிற வரைக்கும் யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேரு உள்ளூர்தான். இப்பத் தூக்கச் சொன்னா கை வராது.

கமெதா: எவ்வளவு நேரம் ஓடும்?

மிசாவோ: பதினோரு நிமிஷம் சார்.

கமெதா: ஞாயித்துக்கிழமை நாஹாவில ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேம்மா. இதே பாட்டுதான். சூப்பு ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

யோனமினே: அது ஹோட்டல் கல்யாணம் சார். மண்டபத்துக்கு மணிக்கணக்குல வாடகை. சுருக்கிடுவாங்க.

கமெதா: உன் கல்யாணத்துல?

யோனமினே: என் கல்யாணத்துலயா...

கமெதா: அதத்தான் கேக்கிறேன்.

யோனமினே: பதினோரு நிமிஷம் சார். கால் மரத்துப்போச்சு.

கமெதா: ம்... சரி, முடியட்டும். நாளையிலேருந்து ஒசாகா போலீஸ் படை நூறு பேரு வர்றாங்க. அவங்களுக்குக் கை நல்லாவே வரும்.

மிசாவோ: ...போயிட்டாரா?

யோனமினே: ஜீப்புல ஏறிட்டாரு.

மிசாவோ: தம்பி... உன் கல்யாணத்துக்கு வாசிச்சது யாரு?

யோனமினே: நீங்கதான்.

மிசாவோ: எவ்வளவு நேரம்?

யோனமினே: அஞ்சு நிமிஷம். கடிகாரம் எதிர்ச் சுவத்துலயே இருந்துச்சு.

மிசாவோ: அப்ப முதல் நாளே உனக்குத் தெரியும்.

யோனமினே: முதல் அடியையே மூணு தடவை திருப்பினீங்க. பாடுறவங்களே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

மிசாவோ: அஞ்சு மாசமா ஒரு வார்த்தை சொல்லல நீ.

யோனமினே: நீங்களும் கேக்கல.

மிசாவோ: பொய்னு தெரிஞ்சா உன் வேலை போயிடும்.

யோனமினே: போகும்.

மிசாவோ: இதை இப்படி இழுக்கிறது எனக்கே உறுத்துது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவரு பார்த்திருந்தா கையிலேருந்து சன்ஷினைப் பிடுங்கியிருப்பாரு. ஆனா வேற எதுக்கு நீங்க நின்னீங்க? கோஷம் போட்டோம், ரோட்டுல படுத்தோம், கேட்டோட சங்கிலி போட்டுக் கட்டிக்கிட்டோம். அரை நிமிஷம் நிக்கல.

யோனமினே: தூறல் போடுது. பாட்டு முடிஞ்சதும் சன்ஷினை மூடுங்க, பாம்புத் தோல் நனைஞ்சா கெட்டுடும்.

மிசாவோ: இனி கெட்டா என்ன? நாளைக்கு வர்றவங்களுக்கு இது வெறும் சத்தம். தூக்கி அந்தாண்டை போட்டுட்டு இருபது லாரியையும் உள்ள விட்டுடுவாங்க. பத்தே நாள்ல பவளப்பாறை மேல மண்ணு விழுந்துடும். முப்பது வருஷமா அங்கதான் பாசி எடுக்கிறேன்... பயமா இருக்கு தம்பி.

யோனமினே: அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாதுதான். ஆனா தாள்ல எழுதிக் கொடுத்தா எழுத்துக்கு எழுத்து நடப்பாங்க.

மிசாவோ: எந்தத் தாள்ல?

யோனமினே: வர்ற படைக்கு உள்ளூர் வழக்கமெல்லாம் எழுதித் தரச் சொன்னாங்க. நேத்தே கொடுத்துட்டேன். கமெதா சாரு படிக்காமலே முத்திரை குத்திட்டாரு. மங்களப் பாட்டு முடியிற வரைக்கும் யாரையும் தொடக்கூடாது, ஒரு பாகம் பதினோரு நிமிஷம், மொத்தம் அஞ்சு பாகம்னு போட்டிருக்கேன்... மீதி நாலு பாகத்தை நாளைக்குள்ள யோசிச்சு வச்சிடுங்க அக்கா.