பொங்கலுக்கு வருமா பிள்ளை

காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்குப் போகிற பஸ். வருசம் எழுபத்தி மூணோ நாலோ இருக்கும். எனக்கு முன் சீட்டில் அக்காளும் தங்கச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி மடியில் ஒரு வயதுப் பையன் தூங்கினான்.

"சுவீடனுக்கு எத்தனை பஸ்ஸு மாறணும்டி?" என்று அக்காள் கேட்டதும் என் காது அங்குட்டுப் போய்விட்டது.

"இவனைத் தத்தெடுக்குற வெள்ளைக்காரம்மா பிளேன்ல கூட்டிப் போவாகக்கா. அவரு செத்த பெறகு மூணு புள்ளைய வச்சு நான் என்ன செய்வேன்? நான் வேலை பாக்குற வீட்டு ஆச்சி நாச்சியாபுரத்துப் பையனைப் புள்ளை கூட்டிக்கலையா? பொங்கலுக்குப் பெத்தவளைப் பாக்கப் போறான்ல? அது மாதிரித்தான்."

"நாச்சியாபுரத்துக்கு டவுன் பஸ் ஓடுது. இவன் வருவான்னு நீ கோர்ட்டுல கைநாட்டு வைக்கப் போற காயிதத்துல இருக்கா?"

"அது இங்கிலீசுல இருக்கு."

"அப்ப யாரு சொன்னா?"

"பொங்கலுக்குக் கூட்டியாருவீகளான்னு அந்த வெள்ளைக்காரம்மாகிட்டயே கேட்டேன். தலைய ஆட்டுனாக."

"எப்புடி ஆட்டுனாக? மேலயும் கீழயுமா, இங்குட்டும் அங்குட்டுமா?"

தங்கச்சி யோசித்தாள். "சிரிச்சுக்கிட்டே ஆட்டுனாக."

"அதுக்குத் தமிழ் தெரியுமாடி?"

கொஞ்ச நேரத்தில் கண்டக்டர், "கோர்ட்டெல்லாம் எறங்கு" என்றார். அக்காள் எழுந்தாள். தங்கச்சி பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ போயி, பொங்கலுக்கு இவனைக் கூட்டியாருவாகளான்னு வக்கீலய்யாகிட்ட கேளுக்கா. நாங்க பஸ் ஸ்டாண்டுல இருக்கோம். அவரும் தலைய மட்டும் ஆட்டுனா எந்திரிச்சு வந்துரு. வாயால சொல்லச் சொல்லு."