சிவப்பு இல்லாத படம்

உங்கள் நாற்காலியின் இடது பின்னங்கால் ஆடுகிறது, சார். ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வையுங்கள். ஆடுகிற பொருளைக் கண்டால் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆதியிலிருந்தே வருகிறேன். நான் பொறியியலில் முதுகலை. ஒரு பொருளைக் கட்டுவதற்கு முன்பே கணினிக்குள் கட்டி, அதன்மேல் பாரம் ஏற்றி, எங்கே நோகும் என்று பார்ப்பது எங்கள் படிப்பு. சிமுலேஷன் என்பார்கள். நோகாத இடம் நீலம், தாங்கும் இடம் பச்சை, உடையும் இடம் சிவப்பு. படத்தின் ஓரத்தில் ஒரு நிறப்பட்டை நிற்கும். எந்த எண்ணுக்கு மேல் போனால் சிவப்பு என்பதை அதுதான் சொல்லும். இரண்டு வருடப் படிப்பில் நான் மூன்றாவது வருடம் இருந்தேன். "நீ படிக்கிறியா, இல்ல அங்கேயே குடித்தனம் பண்றியா?" என்று என் அக்கா வாரம் தவறாமல் போனில் கேட்பாள்.

எனக்குக் கொடுத்த வேலை ஒரு இரும்பு நடைபாலம். எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதல் மாடியையும் எதிரே இருக்கும் அரங்கத்தையும் இணைக்கப் போவது. ஆட்கள் பரவலாக நடந்தால் பாலம் முழுக்கப் பச்சை, பார்க்கவே குளிர்ச்சி. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கீழே கிழக்குப் பக்கம் தோட்டம் இருக்கிறதே, போட்டோ எடுக்க எல்லாரும் அந்தப் பக்கக் கைப்பிடியில் சாய்ந்து நின்றால் என்ன ஆகும் என்று ஒரு யோசனை வந்தது. ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது இணைப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவப்பு.

பேராசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்னப்பா இது, அம்மை போட்ட மாதிரி? அடுத்த வாரம் சிவப்பு இல்லாத படமா கொண்டு வா."

இணைப்பைத் தடிமனாக்கச் சொன்னார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இருக்கலாம். அதற்கு இன்னும் நாலு மாதம் ஆகும். ஆனால் அவர் கேட்டது படம்தானே? நிறப்பட்டையின் உச்சியில் இருந்த எண்ணை இரண்டு மடங்காக்கினேன். சிவப்பு இளம்பச்சையாகிவிட்டது. விடைகளில் ஒரு எண்ணைக்கூட நான் தொடவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்று வெளியே பேசுகிறார்களாம். பூசணிக்காய் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் வண்ணம்தான் பூசினேன்.

பக்கத்து மேசைக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை. எதையும் சலிக்காமல் விடமாட்டாள்.

"டேய், ஓரத்துல இருக்கற அளவு ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?"

"புரொஜெக்டர்ல கலர் பளிச்சுனு தெரியணும்ல."

நம்பிவிட்டாள். நல்ல பெண்.

அந்தப் படத்தை வைத்துத்தான் பாலம் எழும்பியது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் ஒரே ஒரு குறை சொன்னார். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே பாத்திருக்கீங்க தம்பி. நிஜத்தோட ஒப்பிடலையே?" அதை அறிக்கையிலும் எழுதிவிட்டுப் போனார். பட்டம் கிடைத்தது. ஆனாலும் அந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது.

பட்டமளிப்பு நாளன்று அக்காவும் மாமாவும் வந்தார்கள். அவர்களை மட்டும் ஏன் கீழ்ப்பாதையில் சுற்றி அழைத்துப் போனேன் என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அக்காவும் கேட்டாள். "உன் பாலம்தானேடா? அதுல போகாம எதுக்கு வெயில்ல இழுத்தடிக்கற?" அவளுக்கு முழங்கால் வலி. நிறைய நடக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மேலே சல்லடை தன் அப்பா அம்மாவோடு கிழக்குக் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். பேராசிரியரும் மற்றவர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். பின்னால் தோட்டம் தெரிய வேண்டுமாம். சல்லடை திரும்பி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். கத்தினால் கூட்டம் பதறி ஓடும். ஓடினால் பாரம் வேறு மாதிரி விழும். அதற்கு நான் கணக்குப் போட்டிருக்கவில்லை. போடாத கணக்கை வைத்துப் பேசுவது எங்கள் துறையில் தப்பு. அதனால் ஆட்களை எண்ணினேன். இருபத்திரண்டு பேர். நான் கணினியில் ஏற்றியதும் அதே இருபத்திரண்டுதான்.

பதினொரு பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். சல்லடைக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. எனக்கு நிஜமாகவே வருத்தம். எனக்கு வாய்த்த ஒரே நல்ல தோழி அவள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? அதற்கு முன் ஒரு சின்ன உதவி, சார். முறிந்தது மூன்றாவது இணைப்புதானே? விரிசலின் நீளத்தை யாராவது அளந்திருந்தால் எனக்கு ஒரு நகல் கொடுங்கள். தேர்வாளருக்கு அனுப்ப வேண்டும். இந்த முறை படத்தைச் சிவப்போடே அனுப்புகிறேன்.