மணல் மூட்டைக்குப் பதிலா நீங்க

…அப்படியில்ல சேர், எஞ்சின் மேல ஒரு கொறையும் இல்ல. ஒரு மூட்டைய எறக்கிட்டு அந்த எடத்துல நீங்க ஒக்காரணும், அம்புட்டுத்தான். பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்திருக்கீங்க, அதான் மணல் மூட்டையப் பாத்து முழிக்கிறீங்க.

இந்த டேமத் தாண்டி அக்கரைக்குப் போக ஒரு போட்டு வேணும்னு தோட்டத்துக் கூட்டத்துல மொதல்ல கத்துனவனே நான்தான். என் சம்சாரம் மீனம்மாவுக்கு மல ஏறி ஏறி மூட்டு தேஞ்சுபோச்சு. டேமச் சுத்தி நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தா ராவெல்லாம் முனகுவா. கேக்க முடியல சேர்.

போட்டு வந்திருச்சு. கடைக்குப் போய் எஞ்சின் எடுக்க யாரு போறது? இந்த வீரய்யாதான். தேயிலை ஆக்குற ஸ்டோருல எஞ்சின் ஓட்டுனவன், எஞ்சினப் பத்தி எனக்குத் தெரியாததே இல்லன்னு நானே லயம் லயமா, வீடு வீடா சொல்லி வச்சிருந்தேன்ல. கூட கிஷாந்த் வந்தான், நுவரெலியாவுல போட்டு ஓட்டுற பய. 'மாமா, போட்டுக்கு எடையத்தான் மொதல்ல பாக்கணும். இந்தச் சின்ன டீசல் எஞ்சினே போதும், ரெண்டு பேரு தூக்கிரலாம்'னான். மீனம்மாவும் போனுல அதையேதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு. ரெண்டு பேரு தூக்குனா அது எஞ்சினா, இட்லிச் சட்டியா?

கடை மூலையில பெருசா ஒண்ணு கெடந்துச்சு, ஸ்டோருல நான் ஓட்டுன அதே மாதிரி. கொழுந்து உருட்டுற மெஷின் அத்தனையும் சுத்துன எஞ்சின், ஒரு போட்டத் தள்ளாதா? பெரிய தொர மாதிரி கையப் பின்னுக்குக் கட்டிக்கிட்டு, 'இதான்'னேன்.

தள்ளுது சேர். நல்லாவே தள்ளுது. என்ன… பின்னுக்கு வச்சதும் போட்டு மூக்கத் தூக்கிக்கிட்டு வானத்தப் பாத்துச்சு. முன்னுக்கு நாலு மூட்ட மணல் வச்சேன், நேராயிருச்சு. ஆனா ஆளு ஏறுனா தண்ணியும் ஏறுது. அதான் ஒரு ஆளுக்கு ஒரு மூட்டைன்னு எறக்குறேன். சனம் கோவிச்சுக்கிட்டு நடக்குது. மீனம்மா சொன்னதத்தான் தாங்க முடியல. 'உன் எஞ்சினுக்கு நான் மூட்டையா'ன்னு கேட்டா. அதோட போட்டுல ஏறவே இல்ல.

அந்தா பாருங்க, அக்கரையில செவப்புச் சேல. ஆஸ்பத்திரி முடிஞ்சு வர்றா. கம்ப ஊனிக்கிட்டு… நடக்க ஆரம்பிச்சிட்டா.

என்ன சேர், எந்திரிச்சிட்டீங்க? சரி… நடங்க, தப்பில்ல. வழியில அவளப் பாத்தா ஒரு கல்லுல ஒக்காரச் சொல்லுங்க. நான் இந்தப் போட்டுல அக்கரைக்குப் போய், அவளோட நடந்து வந்துர்றேன்.