சம்மந்தி கொடுத்த தர்பூசணி

"என்னங்க, பழம் மூச்சு விடுதுங்க."

கும்பகோணத்தில் வேலை எதுவும் அமையாமல் தஞ்சாவூர் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கை அம்மாள், கணவர் மடியிலிருந்த தர்பூசணியில் காதை வைத்திருந்தார்.

"வெயில்ல உனக்கு மண்டை காஞ்சு போச்சு."

"காம்புகிட்ட பாருங்க, நுரை தள்ளுது. அடியில விரல் வெச்சா அமுங்குது. புளிச்ச மாவு வாடை வேற. இதையா புள்ளத்தாச்சிப் பொண்ணுக்குக் குடுப்பீங்க?"

"சம்மந்தியம்மா மருமகளுக்குன்னு ஆசையா குடுத்தது. தூக்கிப் போடச் சொல்றியா? சாயங்காலமே அவளுக்குப் போன் பண்ணி, பழம் இனிச்சுதான்னு கேப்பாங்க."

சந்தையில் ஒதுக்கிப் போட்ட பழங்களைத் தின்று நான் சில மாதங்கள் ஓட்டியிருக்கிறேன். அந்த வாடையை வைத்துப் பார்த்தால், அம்மாள் சொன்னதுதான் சரி.

"கேக்கட்டுமே. வேற பழம் வாங்கிக் குடுப்போம். இனிச்சுதுன்னு அவளும் சொல்லட்டும். எந்தப் பழம்னா கேக்கப் போறாங்க?"

பாபநாசத்தில் பேருந்து நின்றதும் கணவர் பழத்தோடு இறங்கினார். அதைக் குப்பைத் தொட்டியில் வீசி எறியாமல், குனிந்து மெதுவாக உள்ளே வைத்தார். பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இரண்டு பழங்களோடு ஏறினார்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு சம்மந்தி வீட்டுக்கு. அடுத்த வாரம் போறப்ப வெறுங்கையோடவா போறது?"

அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அடுத்த வாரமா? அவங்க குடுத்த மாதிரியே திருப்பிக் குடுக்கப் போறீங்களா?"