நான்கு மூட்டைக் கம்பு

எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது, சார். பற்பசை தீர்ந்தால்கூட டியூபைக் கத்தரித்துப் பிளந்து இன்னும் நான்கு நாள் ஓட்டுவேன். என் மனைவி மகாலட்சுமி இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. நீங்கள் கேட்கும் விஷயமும் இந்தக் குணத்தில்தான் ஆரம்பித்தது.

சுத்துக்கேணியில் எனக்கு ஒரு மினி லாரி இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கம் ஒரு விதைக் கிடங்குக்கு ஆறு வருடமாக லோடு அடிக்கிறேன். தேதி முடிந்த விதையை விற்கக் கூடாது, எரித்துவிட வேண்டும். பூச்சி அண்டாமல் இருக்க அதில் சிவப்பாக விஷ மருந்து பூசியிருப்பார்கள். அது ஊருக்குள் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு மூட்டையின் தையலிலும் ஓர் எலக்ட்ரானிக் டேக் வைத்திருக்கிறார்கள். கிடங்கில் மூட்டையைத் தராசில் வைத்தால் அந்த டேக்கின் பேரில் எடை பதிவாகிவிடும். எழுபது கிலோமீட்டர் தள்ளி, எரிக்கும் ஆலையின் வாசலில் மறுபடியும் தராசு. எடையும் இடமும் ஒத்துப்போனால் பச்சை விளக்கு. மூட்டையைப் பிரித்துப் பார்க்க அங்கே யாரும் மெனக்கெடுவதில்லை. டேக் பார்த்துக்கொள்கிறதே.

நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை.

இந்த ஆடியில் நாற்பது மூட்டைக் கம்பு விதை வந்தது. மணி மணியான கம்பு. இதையா நெருப்பில் போடுவது என்று வயிறு எரிந்தது. அதே வாரம்தான் எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றக் கம்பு யார் தருவது என்று பேச்சு வந்தது. போன வருடம் உலகநாதன் தந்தார், நிலம் நீச்சு உள்ளவர். "கூழ் உபயம் உலகநாதன்" என்று மைக்கில் பதினோரு தடவை சொன்னார்கள். பந்தல் சாமானையெல்லாம் ஏற்றி இறக்கிய நான் ஒரே ஒரு தடவை வந்தேன், அதுவும் 'லாரிக்காரர்' என்று. எனக்கு வீரமணி என்று ஒரு பெயர் இருக்கிறது. பொறாமையெல்லாம் இல்லை, ஆனால் நியாயம் என்று ஒன்று உண்டு அல்லவா. இந்த வருடம் கம்பு என்னுடையது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

நாற்பதில் நான் எடுத்தது நான்கே நான்கு. சனிக்கிழமை ஏற்றிய லோடு, ஆலை திங்கட்கிழமைதான் திறக்கும். வெறும் மணலை அடைத்தால் எடை வரும், மூட்டை சப்பையாகக் கிடக்கும். வெறும் உமி என்றால் மூட்டை புடைக்கும், எடை வராது. இரண்டையும் கலந்து சரியாக இருபத்தைந்து கிலோவுக்குக் கொண்டுவர ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. டேக்கை அதே தையலில் வைத்துக் கோணி ஊசியால் தைத்தேன். திங்கட்கிழமை நாற்பதுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

நான் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் கழுவாத கம்பை எங்கள் கோழிகளில் இரண்டுக்குப் போட்டேன். இரண்டும் செத்தன. பிறகு ஏழு தண்ணீர் விட்டு அலசி, காயவைத்து, வேறு இரண்டுக்குப் போட்டேன். ஒன்றுதான் செத்தது. பாதிக்குப் பாதி தேறியிருக்கிறது, பாருங்கள். கோழியோடு பார்த்தால் மனிதன் எவ்வளவு பெரிய உடம்பு.

வருடா வருடம் கூழ் காய்ச்சுவது வேலம்மாள். நடவு வேலைக்குப் போகிறவள், வாய் ஓயாது. முந்தின நாள் மாலையே காய்ச்சி, ஆறவைத்து, காலையில் மோர் விட்டுக் கரைப்பது எங்கள் ஊர் வழக்கம். அரைத்த மாவைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, கம்பு மாவு செவப்பா இருக்குது?"

"புது ரகம்மா. ரத்தம் ஊறும்னு டாக்டருங்களே சொல்றாங்க."

"அப்போ எனக்கு ரெண்டு சொம்பு தனியா எடுத்து வச்சிடுவேன். ஒடம்புல ரத்தமே இல்லன்னு ஆஸ்பத்திரில என்னத்தான் திட்டுறாங்க."

சொன்னபடியே எடுத்து வைத்தாள். உப்புப் பார்க்கக் குடித்தது போக, எல்லோருக்கும் ஊற்றி முடித்துவிட்டு அந்த இரண்டு சொம்பையும் குடித்தாள். அளவோடு குடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை என் பெயரைப் பதினான்கு தடவை சொன்னார்கள். உலகநாதனே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். நல்ல மனிதர். மதியத்துக்குள் தெருவெல்லாம் வாந்தி. முதல் இருபது பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் லாரிதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலம்மாள் வழியிலேயே போய்விட்டாள். எந்த விஷம் என்று தெரிந்தால் மாற்று மருந்து கொடுக்கலாம் என்று டாக்டர் என்னிடம் இரண்டு முறை கேட்டார். அந்த நேரத்தில் சொன்னால் கோயில் திருவிழாவுக்கே கெட்ட பெயர் என்று சும்மா இருந்தேன். செத்தவர்கள் ஆறு பேர் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நான் ஐந்து என்று நினைத்திருந்தேன்.

ஆலையில் சாம்பல் அள்ளும் தணிகைவேல் மட்டும் இல்லையென்றால் நாம் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம். உமி எரிந்துவிட்டது, மணல் எரியவில்லை. அதை நான் யோசிக்காமல் விட்டது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

விஷம் முழுக்கப் போகவில்லை என்று உனக்குத் தெரியுமா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தெரியாது, சார், அம்மன் மேல் சத்தியமாகத் தெரியாது. நான் குடிக்காதது ஊற்றிக் கொடுக்கும் மும்முரத்தில். மகாலட்சுமி சொம்பை வாயருகே கொண்டுபோனபோது நான் ஓடிப்போய்த் தட்டிவிட்டதாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், நானூறு பேர் நின்ற வரிசையில் அவள் ஒருத்தியின் சொம்பைத் தட்டிவிட்டேன். கூழ் ரொம்பச் சூடாக இருந்தது, சார்.