பாதியில் நின்ற டெஸ்ட் ரைடு

சாயங்காலம் ஆறரை. இருட்டவும் இல்லை, வெளிச்சமும் இல்லை. நீர்த்தேக்கத்துக்கு ஏறுகிற மலைச்சாலை... ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் இடுப்பளவுக்கு ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது. அந்த நேரத்தில் அங்கே ஓர் ஆள், ஒரு வண்டி பார்க்க முடியாது.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள். இது எங்கோ யாருக்கோ நடந்த கதையில்லை. மாடி வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மச்சான் இருக்கிறானே, தலையைக் குனிந்துகொண்டே நடந்து போவானே, அவனுக்கு நடந்தது.

அப்போது அவன் ஒரு பெரிய பைக் ஷோரூமில் இருந்தான். அங்கே விற்றதெல்லாம் பால் வாங்கப் போகிற வண்டிகள் இல்லை. ஆயிரம் சிசி. ஸ்டார்ட் செய்தால் நெஞ்சுக்கூடு அதிரும். கிளட்ச் பிடிக்காமலே கியர் விழும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டால் வயிறு பின்னால் தங்கிவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். வாங்க வருகிறவர்களுக்கு அந்த வண்டியை ரோட்டில் காட்டுவதுதான் மச்சானின் வேலை. ஆனால் அவனுக்கு அங்கே வைத்த பெயர் ‘பிரேக்கு’. பச்சை விளக்கு விழுந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகர்வான். “டேய் பிரேக்கு, நீ ஓட்டிக் காட்டினா ஜனங்க பைக்க விட்டுட்டு மாட்டு வண்டி வாங்கப் போயிடுவாங்கடா” என்று முதலாளியம்மாவே கிண்டல் செய்வார்.

ஒரு மழை நாள். தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மனிதர் உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. சட்டைப் பையில் இஞ்ச் டேப் சுருண்டு கிடந்தது. விரல் நுனியெல்லாம் நீலச் சாக்கட்டித் தூள். தையல்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது. விலை கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை. நேராகச் சிவப்பு வண்டியிடம் போனார். அதன் சீட்டில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பது போல.

“யாருக்கு சார் பாக்கறீங்க? பையனுக்கா?” என்று கேட்டான் பிரேக்கு.

“பொண்ணுக்கு.”

“நல்லா ஓட்டுவாங்களா?”

“ஓட்டினா” என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லிலேயே பிரேக்குக்குப் புரிந்துவிட்டது. 

முந்தின வருஷம், இதே மாதிரி ஒரு மழைக்காலத்தில், ஒரு பெண் அங்கே வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள், கையில் ஆஸ்பத்திரி சோப்பு வாசனைகூடப் போகவில்லை. அந்த நாளில் டெஸ்ட் ரைடுக்கு ஆட்களைத் தனியாகவே அனுப்புவார்கள். லைசென்ஸை மேஜையில் வைத்துவிட்டு, நீர்த்தேக்கம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். அவளுக்கு ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிவிட்டது பிரேக்குதான்.

“ரோடு ஈரம்மா. வளைவுக்கு முன்னாடியே பிரேக் போட்டுடு. வளைவுக்குள்ள போய்ப் போடாத.”

“சரிண்ணா, சரிண்ணா. எங்கப்பாவ விட மோசமா இருக்கீங்களே” என்று சிரித்தாள். “இதோ போன மாதிரி வந்துடுவேன்.”

வரவில்லை.

ஏதோ லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லி. சுவர் இருக்கிற அந்த வளைவு. அவ்வளவுதான். அதற்கப்புறம் ஷோரூமில் சட்டம் மாறியது. வண்டியை பிரேக்கு ஓட்டுவான், வாங்க வந்தவர் பின்னால் உட்கார வேண்டும். அதுவும் மலைச்சாலைப் பக்கம் அவன் தலைவைத்துப் படுப்பதே இல்லை. சமவெளி பைபாஸ் ரோடோடு சரி.

தையல்காரர் சீட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நான் வாங்க வரல தம்பி. இங்கேர்ந்துதான் போனா. இங்க திரும்பி வரல. வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வீட்லேர்ந்து கிளம்பினா. இப்படி ஒரு வண்டி மேல ஆசைன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அவ போன வழியில ஒரு தடவ... இதே மாதிரி வண்டியில... என்னைக் கூட்டிட்டுப் போறியா?”

பிரேக்கு முதலாளியம்மாவைத் திரும்பிப் பார்த்தான். முடியாது என்று சொல்லிவிடமாட்டாரா என்று இருந்தது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கூட்டிட்டுப் போடா” என்றார் மெதுவாக.

இந்த மாதிரி வண்டியில் பின் சீட் என்பது பேருக்குத்தான். உள்ளங்கை அகலம், அதுவும் முன் சீட்டை விட ஒரு முழம் உயரத்தில். தையல்காரர் ஏறி உட்கார்ந்து பிரேக்கின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டார். தையல் மெஷின் எண்ணெய் வாசனை. வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் அவர் பயந்து இடப்பக்கம் சாய்வார். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். வளைவுக்கு வளைவு வண்டி முரண்டு பிடித்தது. மாவு மூட்டையை உட்கார வைத்து ஓட்டியிருந்தால்கூட இதைவிட எளிதாக இருந்திருக்கும்.  

சுவர் வந்தது. பழைய கல்லுக்கு நடுவில் ஓர் இடத்தில் மட்டும் புதுக் கல். பார்த்ததும் தெரிந்துகொண்டார். நிறுத்தச் சொன்னார். இறங்கினார்.

“பயந்திருப்பாளா தம்பி?”

பிரேக்கு அந்தப் புதுக் கல்லையே பார்த்தான்.

“ஒரு அஞ்சு நிமிஷம் நான் இங்க நிக்கறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. அழுதா பாக்கறதுக்கு நல்லாருக்காது.”

பிரேக்கு வண்டியைக் கொஞ்சம் தள்ளி, ஊர் இருக்கிற திசையில் திருப்பி நிறுத்திக்கொண்டான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தூறல் மழையாகிவிட்டது. ஹெல்மெட் மேல் டப டப டப... வேறு எதுவும் காதில் விழவில்லை. இன்ஜினை ஓடவிட்டான். சூடு தொடையில் ஏறியது.

பின்பக்கம் லேசாக அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

தோளில் தட்டல். ரெண்டு தட்டு. போகலாம்.

கிளம்பினான்.

முதல் வளைவு. வண்டி சாய்ந்தது... பின்னால் இருந்தவரும் கூடவே சாய்ந்தார். அளவாக, சரியாக, வண்டியின் ஓர் உறுப்பு மாதிரி. ‘அதற்குள் பழகிவிட்டாரே’ என்று நினைத்துக்கொண்டான். அடுத்த வளைவுக்கு முன் பிரேக் போட்டான். பின்னால் இருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவன் இரண்டு விலாவோரமும் இரண்டு கைகள் முன்னால் வந்து பெட்ரோல் டாங்கில் ஊன்றிக்கொண்டன. உறை போட்ட கைகள். பெரிய வண்டி தெரிந்தவர்கள் மட்டும்தான் அப்படி ஊன்றுவார்கள். தையல்காரருக்கும் ஷோரூமில் உறை மாட்டிவிட்டிருந்தார்கள். அதனால் அவன் சந்தேகப்படவில்லை. கண்ணாடியில் பார்க்கலாம் என்றால், அந்த வண்டிக் கண்ணாடியில் தெரிவது ஓட்டுகிறவனின் முழங்கை மட்டும்தான்.

மலை இறங்கி நேர் ரோடு வந்தது. மறுபடி ரெண்டு தட்டு. இன்னும் வேகமாம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக பிரேக்கு ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினான். ஏன் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. வண்டி கத்தியது. மழைத் துளிகள் கோடாகிவிட்டன. அந்தக் காற்றுக்குள், காதுக்குப் பக்கத்தில், ஒரு சிரிப்பு. சின்னச் சிரிப்பு. பிடித்த பொருள் கையில் கிடைத்துவிட்டால் வருமே, அந்த மாதிரி.

அப்போதுதான் மூக்கில் ஏறியது. மெஷின் எண்ணெய் இல்லை.

ஆஸ்பத்திரி சோப்பு.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கழுத்து மரம் மாதிரி ஆகிவிட்டது. எப்படியோ ஷோரூம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். முதலாளியம்மா குடையோடு வெளியே ஓடி வந்தார்.

“என்னடா, தனியா வர்ற? அந்த மனுஷர் எங்கடா?”

அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டியின் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பியது. யாரோ இறங்கினால் எழும்புமே... அப்படி. பிரேக்கு திரும்பினான். யாரும் இல்லை. அவன் சட்டை நனைந்திருந்தது, டாங்க் நனைந்திருந்தது, டயரிலிருந்து தண்ணீர் வழிந்தது. பின் சீட்டில் மட்டும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் முதல் துளி விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

அழுவதா, ஓடுவதா என்று தெரியவில்லை. ஆனால் பெரியவர் அங்கே மழையில் நிற்கிறாரே! பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

தையல்காரர் அதே வளைவில்தான் நின்றுகொண்டிருந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். விட்டுவிட்டுப் போனாயே என்று கோபித்துக்கொள்ளவில்லை. ஓடி வந்து அவன் கையைப் பிடித்தார்.

“பத்திரமா இறக்கி விட்டியா தம்பி?”

பிரேக்கு இன்ஜினை அணைத்தான்.

“இந்தச் சுவரோரமா எழுந்து நின்னா. முட்டியில மண்ணத் தட்டி விட்டா. நான் இதோ இங்க நிக்கறேன், கை நீட்டினா தொட்டுடலாம். என்னைப் பாக்கவே இல்ல தம்பி. வண்டிய மட்டும்தான் பாத்தா. ஓடிப்போய் ஏறிக்கிட்டா. நான் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டேன். கூப்பிட்டா நின்னுடுவாளோன்னு பயம். ஒரு வருஷமா இந்த ரோட்லயே நிக்கிற பொண்ணு... போகட்டும், இந்தத் தடவையாவது திரும்பிப் போகட்டும்னு...”

முகத்தை வழித்துத் துடைத்தார். பிறகு கேட்டார்.

“எப்படி வந்தா?”

“நல்லா வந்தாங்க சார்” என்றான் பிரேக்கு. அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “வளைவுல அவ்ளோ அழகா சாஞ்சாங்க. பயமே இல்ல. சிரிச்சாங்க சார்.”

“சிரிச்சாளா?”

“சிரிச்சாங்க.”

அந்த மனிதர் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். பிரேக்கும் பக்கத்தில் உட்கார்ந்தான்.  திடீரென்று தையல்காரர் நிமிர்ந்தார்.

“ஷோரூம்லேர்ந்து எங்க போவா? வீட்டுக்குத்தானே போவா?”

“போயிருப்பாங்க சார். வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

“ஐயோ தம்பி!” அவர் முகம் வெளுத்துவிட்டது. “நான் வீடு மாத்திட்டேனே. அவ ரூமப் பாத்துக்கிட்டே இருக்க முடியலன்னு, மூணு மாசத்துக்கு முன்னாடிதான் காலி பண்ணேன். புது வீடு அவளுக்குத் தெரியாதே... பழைய வீட்டுக்கு விடு தம்பி. சீக்கிரம் விடு!”

அத்தனை பெரிய வண்டி அந்தச் சின்னச் சந்துக்குள் உறுமிக்கொண்டு நுழைந்தது. ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. கடைசி வீடு. வண்டி நிற்பதற்குள் அவர் குதித்து இறங்கினார். கால் இடறியதைக்கூடக் கவனிக்கவில்லை. கதவைத் தட்டுவதற்குக் கை தூக்கினார்.

தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். புதிதாகக் குடிவந்தவள். இவரை முன்பின் பார்த்தது கிடையாது, சட்டைப் பையில் இருந்த இஞ்ச் டேப்பைத்தான் பார்த்தாள்.

“முன்னாடி இங்க இருந்த டெய்லர் நீங்கதானே?” என்றாள். “என்ன சார் இது... உங்க பொண்ணுக்கு வீடு மாத்தினத சொல்லலையா? இப்பத்தான் வந்துட்டுப் போகுது. அப்பா எங்கன்னு கேட்டுச்சு. காலி பண்ணிட்டாங்கம்மா, எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அப்படியே நின்னுச்சு. பாவமா இருந்துச்சு. மழை பெய்யுது, ஹெல்மெட்டக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காரும்மான்னேன்...”

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“கழட்ட மாட்டேன்னுடுச்சு சார். ‘வேணாங்க, அப்பா பாத்தா பயந்துடுவாரு’ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு.”